கம்பியில் தடவிய கிரீஸ்

"…துருப்புடிச்சிடப் போவுதேன்னு துளியூண்டு கிரீஸ் தடவுனேன். அதுக்கு இன்னாவோ நானே ஏரோப்ளேன கவுத்துட்டா மாதிரி பாக்குறியே மாப்ளே!" என்று பொரிந்தார் மச்சான். என் மனைவியின் அண்ணன். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆய்வு விமானம் ஒன்றில் கருவிகளை மாட்டுவதும் கழற்றித் துடைப்பதும் அப்போது என் வேலை. படித்து வந்த வேலை இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றது. அந்தக் கருவிகளில் ஒன்று, வெளியே நீட்டிக்கொண்டு ஓயாமல் அதிரும் சுண்டுவிரல் அளவுக் கம்பி. உயரத்து மேகங்களில், உறைய வேண்டிய குளிரிலும் உறையாமல் நீர்த்துளிகள் மிதக்கும். விமானம் மோதிய கணத்தில் பனிக்கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். இறக்கையில் அது ஏறினால் ஆபத்து. கம்பியில் ஏறினால் அதிர்வு குறையும். அதை வைத்து எந்த மேகத்தில் எவ்வளவு பனி பிடிக்கிறது என்று அளப்போம்.

ஒரு நாள் மாலை கம்பியைக் கழற்றியவன் ஆய்வகத்தில் வைக்காமல், சோம்பல்பட்டு, பெட்டியோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அது கூடவே கூடாது. எங்கள் குப்பத்திலோ உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. எஞ்சின் போல்ட்டு, நங்கூரம், கதவுக் கீல், எதைக் கண்டாலும் கிரீஸ் தடவிவிட்டுத்தான் மச்சான் சாப்பிடவே உட்காருவார். என் மாமியாரின் மூக்குக் கண்ணாடித் திருகுக்கும் தடவியிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் கம்பியை மட்டும் சும்மா விடுவாரா?

தரையில் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. மேலே குளிரில் கிரீஸ் இறுகியதும், மேகத்தை எட்டும் முன்பே, பளிச்சென்ற வானத்தில் 'பனி, பனி' என்று கருவி அலறியது. விமானி திரும்பிவிட்டார். வாரக்கணக்கில் காத்திருந்த மேகம் போயிற்று. கழற்றும்போது விரலில் பிசுக்கு ஒட்டியது. யார் வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அங்கேதான் கெட்டது.

ஆய்வுக்குழுவின் தலைவியான மேடம் நான்கு நாட்கள் காரணம் தேடினார். கடைசியில் ஒரு நாள் இரவு போனில் சொன்னார்: "எதனாலன்னு தெரியாம இந்தக் கம்பிய நம்ப முடியாதுப்பா. இந்த சீசன்ல எடுத்த அளவு எல்லாத்தையும் தள்ளிடலாம்னு இருக்கேன்." உண்மையைச் சொன்னால் கிரீஸுக்கு முந்தைய அளவுகள் பிழைக்கும், என் வேலை போகும். அந்த எரிச்சலை எல்லாம் மறுநாள் விடிந்ததும் மச்சான் தலையில் கொட்டினேன். அவர் பொரிந்ததும் அப்போதுதான்.

இப்போது பொன்னேரி சாலையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறேன். கிரீஸ் டப்பாவும் கையுமாக மச்சான் அங்கேயும் வந்து நிற்கிறார். எத்தனை சொன்னாலும் திருந்தாத மனிதர்.

ஆனால் அன்று காலை மட்டும், பொரிந்து முடித்ததும், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நான் தடவுனத அந்தம்மாகிட்ட நான் சொல்றேன். பொட்டிய வூட்டுக்கு எடுத்தாந்தத யாரு சொல்றது? நீதான் சொல்லணும்."

"வேலை போயிடும் மச்சான்."

"போவட்டும். அவங்க அத்தினி நாளு பட்ட பாடு போவுதே, அது?"

எங்கள் குப்பத்தை ஒட்டிய உப்பு ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்டுவதற்குக் குடும்பத்துக்குக் குடும்பம் முறை உண்டு. விட்டால் மறுபடி வரப் பல நாளாகும். அன்று அவருடைய முறை. தம்பிகள் கரையில் வலையோடு நின்றார்கள். மச்சான் அவர்களிடம் போய், "இன்னிக்கி நம்ம முறைய அடுத்த வூட்டுக்காரன எடுத்துக்கச் சொல்லு" என்றார். பெரிய தம்பி வலையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, என் பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.