ராணிக்கா பிசைந்த மண்

சிதம்பரத்திலிருந்து வேலைக்குப் போகும் பேருந்து ஆலப்பாக்கம் தாண்டும்போது கைபேசி அடித்தது. நம் அச்சகத்து பைண்டர் கலியமூர்த்தி மாமா. "எங்கம்மா வர? இன்னிக்கு பிரஸ் லீவு" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நம்ம ராணி போயிடுச்சிம்மா. காத்தால நெஞ்சு வலின்னிருக்கு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார்.

"ஆமைக்கு யாரு மாமா தண்ணி வெச்சாங்க?"

இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. துக்கம் விசாரிக்கிற லட்சணமா இது என்று அச்சகத்தில் உங்களில் சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பேசுங்கள். ராணிக்காவாக இருந்தால் அவரும் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

கடலூரில் நான்கு வருடம் எனக்கு எதிர் மேசை அவர். அவர் புத்தகப் பக்கங்களை அமைப்பார், நான் பிழை திருத்துவேன். நாற்பத்து மூன்று வயது. கணவர் விட்டுப் போனபின் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருந்தார். வெளிநாடு போன பக்கத்து வீட்டுக்காரர் வனத்துறைப் பதிவுக் காகிதங்களோடு ஒப்படைத்த ஆப்பிரிக்க நில ஆமை ஒன்றை வளர்த்தார். நம் அச்சகத்தில் இல்லாத பதவியை அதற்குக் கொடுத்து, 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். ஆமை வந்ததால்தான் குடும்பம் கெட்டது என்று தெருவில் ஒருத்தி சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அவரு போயி ரெண்டு வருஷம் கழிச்சிதான் இது வந்துச்சி. நாள் பாக்கத் தெரியாதவ எல்லாம் ராசி பாக்குறா."

மேனேஜருக்கு முதலில் என்ன விரித்தோம் தெரியுமா? பஞ்சாங்கம் வெட்டும்போது இயந்திரத்தின் அடியில் விழும் காகிதச் சீவல்களை. அச்சகத்துக்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? கலியமூர்த்தி மாமாவே மூட்டை கட்டிக் கொடுத்தார். இரண்டாம் நாள் ராணிக்கா கோபமாக வந்தார். "மாமா, ஒங்க பஞ்சாங்கத்துல பாதியத் தின்னுடுச்சி. மீதியில கால் வழுக்கி வழுக்கி விழுவுது."

அடுத்தது என் தவறு. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து வெள்ளை வெளேரென்று மணல் அள்ளி வந்தேன். படத்தில் பார்ப்பதுபோல இருந்தது. ஈரக் கீரையில் ஒட்டிய மணல் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொண்டது. மருத்துவர் சொன்னபடி ராணிக்கா தினமும் வெதுவெதுப்பான நீரில், கழுத்து மூழ்காமல் அதை உட்காரவைத்துக் காத்திருந்தார். ஆறாம் நாள் மலம் மணலோடு வெளியே வந்தது. எனக்கு அழைத்து, "மேனேஜர் போயிட்டாருடி!" என்று கத்தினார். நான் பயந்து போனேன். "அய்ய, அந்தப் போறது இல்லடி" என்று சிரித்தார். என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "அழகா இருக்குன்னு பாத்தது நாம. நடக்கப் போறது அது. அத யாரு கேட்டா?"

அதன்பின் அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. மருந்தடிக்காத செம்மண்ணை அண்ணாகிராமத்துப் பக்கத்து முந்திரித் தோப்பிலிருந்து கொண்டுவந்தார். தேங்காய் நார்த்தூளை உப்பு போக மூன்று தண்ணீர் அலசிக் கலந்தார். தோண்டினால் உடம்பு புதைகிற ஆழம், மேலே காய்ந்து அடியில் லேசான ஈரம். வாரம் ஒருமுறை கைவிட்டுப் பிசைவார். "புட்டு மாவு பதம். புடிச்சா நிக்கணும், தட்டினா உதிரணும். தண்ணி சொட்டுனா நெஞ்சுல சளி புடிக்கும்." முதல் நாளே மேனேஜர் மூலையில் குழி தோண்டிப் படுத்துக்கொண்டார். காகிதத்திலும் மணலிலும் அவர் ஒருநாளும் தோண்டியதில்லை.

காரியத்தன்று சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ராணிக்காவின் அண்ணன் ஆமையைக் கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "போற வழியில வெள்ளாத்துல வுட்டுடறேன். தோஷமும் போவும், அதுவும் நீந்திப் பொழச்சிக்கும்."

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"அதுக்கு நீந்தத் தெரியாதுங்க" என்றேன்.

"ஆமைக்கா? மீனுக்கு முங்கத் தெரியாதும்ப போலருக்கே!" எல்லோரும் சிரித்தார்கள்.

கோணியை வாங்கி அவிழ்த்தேன். ஒரு காலைப் பிடித்துக் காட்டினேன். "தூண் மாதிரி இருக்குது பாருங்க. இதுல துடுப்பு எங்க இருக்கு? ஆத்துல வுட்டா கல்லு மாதிரி முழுவிடும். ஒங்க தங்கச்சி தண்ணி வெக்கிற தட்டைக்கூட ஆழமில்லாமதான் வெச்சாங்க."

சிரிப்பு நின்றது. "அப்ப நீயே வெச்சிக்க. கெட்டா நீ கெடு" என்றார் அண்ணன்.

"கெடறேன்" என்றேன்.

அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மேனேஜரும், இரண்டு சாக்கில் அவருடைய மண்ணுமாகச் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். கலியமூர்த்தி மாமா சாக்குகளைத் தூக்கி வைத்தார். கண்டக்டர் ஒரு சாக்கை அழுத்திப் பார்த்தார். "ஏம்மா, சிதம்பரத்துல மண்ணே கெடைக்காதா?"

"கெடைக்கும்ணே. இது அவுங்க பெசஞ்ச மண்ணு."

அவர் சாக்கை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு விசில் கொடுத்தார்.

காகிதங்களை என் பெயருக்கு மாற்ற வனத்துறைக்கு எழுதிவிட்டேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஆமை எதற்கு என்று வீட்டுக்கார அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். காலி செய்யச் சொன்னால் மண்ணோடு போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.

ராணிக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஓர் ஆமை, இரண்டு சாக்கு மண், கையில் ஒரு பதம். நேற்று முதல்முறையாக நானே பிசைந்தேன். பிடித்தால் நின்றது. தட்டினால் உதிர்ந்தது. மேனேஜர் முகர்ந்து பார்த்து, மூலைக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தார்.

எனக்குக் கெட்ட காலம் வருமென்று சொல்கிறவர்களுக்கு: வரட்டும். மேனேஜர் தூங்குகிறார், நாலு மணிக்கு வா என்று அதை வாசலிலேயே சொல்லி அனுப்புவேன்.