அப்பா கொடுத்த அவுட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோ முழுவதற்கும் பேஸ்போல் பைத்தியம் பிடித்திருந்தது. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்டில் அது அப்பாவுக்குப் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட கிரிக்கெட் ஆட்டங்களுக்கு வெள்ளைக் கோட்டோடு அம்பயராக நின்ற மனிதர், இங்கே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கினார். அந்தக் கோட்டை அவர் மனதுக்குள் கழற்றவே இல்லை. ரிவியில் அம்பயர் கை தூக்கினால் சோஃபாவில் இருந்தபடி அப்பாவும் தூக்குவார். லைப்ரரியில் சட்டப் புத்தகம் எடுத்துப் படித்து, எங்களுக்கும் வகுப்பெடுப்பார்.

"அம்பயர் சட்டத்தைப் பிழையாய்ப் பாவிச்சால் கோச் கேக்கலாம். ஆனால் கண்ணாலை பாத்துச் சொன்னதை ஒருத்தரும் கேக்கேலாது. ஏன் தெரியுமோ? கண் எண்டால் பிழைக்கும். ஆராவது ஒராள் முடிச்சு வைக்காட்டில் ஒருத்தரும் வீட்டை போகேலாது" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும், ஏதோ அவரே இயற்றிய சட்டம் போல.

எனக்கு அப்போது பதினாலு வயது. அயலில் இருந்த பூங்காவில் பெண் பிள்ளைகளின் சொஃப்ற்போல் அணியில் விளையாடினேன். பேஸ்போலின் சட்டங்கள்தான் பெரும்பாலும், பந்து மட்டும் பெரிது. அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பெரிய பிள்ளை அரைக் காற்சட்டையோடு மண்ணில் விழுந்தெழும்புகிறாளாமே என்று அஜின்கோர்ட் கடையில் அன்ரிமார் விசாரித்தார்களாம். அப்பாதான் எனக்காக வாதாடினார். கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை வைத்தா. அந்த வருடம் கப் வென்றால் நான் தொடர்ந்து விளையாடலாம். தோற்றால் அதோடு சரி. படிப்பைப் பார்க்க வேண்டும். அந்தப் பேரத்தை முடித்து வைத்தவரும் அப்பாவேதான்.

இறுதியாட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். அன்று பார்த்து அம்பயரின் கார் வழியில் நின்றுவிட்டது. வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு ஆட்டத்திலும் அம்பயர்களைத் திருத்திக்கொண்டிருந்த என் தகப்பனை எல்லோருக்கும் தெரியும். நீங்கள் நில்லுங்கள் என்றார்கள். மற்ற அணியின் கோச் மட்டும், உங்கள் மகள் விளையாடுகிறாளே என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டே, மைதானத்துக்குள் எனக்கு மகள் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெற்றோர்கள் கை தட்டினார்கள். நான் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினேன்.

சொன்னது போலவே நடந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வந்த பந்தெல்லாம் 'போல்', அடிப்பவளுக்கு லாபம். எனக்கு மட்டும் கணுக்காலை உரசிக்கொண்டு போனதும் 'ஸ்ரைக்', அது மூன்று சேர்ந்தால் அவுட். எங்கள் கோச் கத்தினார். அது என் கண் சொன்னது, போய் இருங்கள் என்றார் அப்பா. கோச் போய் இருந்தார். சட்டம் அப்படி.

கடைசி முறை நாங்கள் அடிக்க வந்தபோது ஒரே ஒரு ஓட்டம் பின்னால் நின்றோம். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. நான் இரண்டாவது பேஸ் தளத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் அடிக்க வந்தவள் பந்தைத் தூர அடித்துவிட, நான் தலைதெறிக்க ஓடினேன். வீடு என்று சொல்கிற ஹோம் பிளேற்றை நான் தொட்டால் ஆட்டம் சமன். அடுத்து அடிக்க நின்றவள் எங்கள் அணியின் மிகப் பெரிய அடிகாரி. பிளேற்றைக் காத்து நின்ற கச்சரின் கைக்குப் பந்து வர, நான் நெஞ்சால் சறுக்கிக்கொண்டு போய் பிளேற்றைக் கையால் தொட்டேன். அதன் பிறகுதான் அவளுடைய கையுறை என் தோளில் பட்டது. அவளுக்கே தெரியும். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணை உதைத்தாள்.

கிரிக்கெட்டில் யாராவது கேட்டால்தான் அம்பயர் அவுட் கொடுக்கலாம். அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அப்பா பழைய பழக்கத்தில் ஒற்றை விரலை உயர்த்தினார். என்னுடைய அணிப் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை, சேஃப், அதாவது அவுட் இல்லை என்று நினைத்து ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். எனக்கு மட்டும் அந்த விரல் தெரியும். அவர்கள் துள்ளி முடிக்கும் வரை காத்திருந்து, அப்பா விரலை மடக்கி, பேஸ்போலில் அவுட்டுக்குக் காட்டுவது போல முட்டியாக்கிக் காட்டினார்.

தோற்றவர்கள் அழுதுகொண்டிருக்க, வென்ற கோச் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி நேர்மையான மனிதரைக் கண்டதில்லை சேர் என்றார். ஒரு தாய் கோப்பி வாங்கிக் கொடுத்தாள். கனடாவுக்கு வந்த பிறகு அவரை யாரும் சேர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் அந்தக் கோப்பியை ஆறுதலாக, நின்று குடித்தார்.

வீட்டுக்குக் காரில் திரும்பினோம். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"உன்ரை கைதான் முந்தினது. நான் பாத்தனான்."

"பிறகு ஏன் அவுட் குடுத்தனீங்கள்?"

"வேறை ஆற்றையும் பிள்ளையெண்டால் குடுத்திருக்க மாட்டன். மகளுக்குச் சேஃப் குடுத்தவன் எண்டு நாளைக்கு அவங்கள் கதைப்பாங்களெல்லோ?"

எனக்கு விளங்கும் என்று நம்பியே சொன்னார். சரியாகத் தெரியவில்லை பிள்ளை, தூசு பறந்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அடுத்த சிக்னலுக்குள் மன்னித்திருப்பேன். தவறுகிற கண்ணுக்காக வைத்த சட்டம் அது. இவருடைய கண் தவறவே இல்லை. கண்டதை விழுங்கிவிட்டு, யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பெயர் களவு. என் அப்பா கள்ளன் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே விசாரித்தா. தோற்றுவிட்டோம், கடைசியாக அவுட் ஆனது இவள்தான் என்று அப்பா சொன்னார். அம்மா என் முழங்கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்தா. அவவுக்கு என்ன தோன்றியதோ தெரியாது, குரல் இளகிவிட்டது.

"உண்மையாய் அவுட்தானோ? அநியாயமாய்க் குடுத்திருந்தால் அதை நான் தோல்வியெண்டு எடுக்க மாட்டன். சொல்லுங்கோவன்."

என் அடுத்த வருடம் முழுவதும் அப்பாவின் வாயில் இருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார். அம்மா என் பக்கம் திரும்பினா.

"ஓம் அம்மா. அப்பா சரியாத்தான் பாத்தவர்" என்றேன். அந்தச் சொல் அவரைச் சுடவேண்டும் என்றுதான் சொன்னேன். இப்போதாவது இல்லையென்று சொல்வார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

அப்பா தலை நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னார்.