சீசருக்குக் காதாக இருந்தவர்

போன் அடித்தபோது எதிர்வீட்டு நாய் சீசருக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. எஸ்தர் மிஸ்ஸின் மகன் டேனியல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். “ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க.” அத்தனை சத்தமாக அடித்த போனுக்குச் சீசர் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவனுக்குக் காது கேட்காது. என் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றை வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு எஸ்தர் மிஸ் என்றால் பூகோள வகுப்பு. உலக உருண்டையைச் சுற்றிவிட்டு, “தாம்பரத்தைக் காட்டு பாப்போம்” என்பார். விரலை வைத்தால் தாம்பரத்தோடு பாதித் தமிழ்நாடும் மறைந்துபோகும். சேலையூரில் அவரோடு ஆலயத்துக்குப் போனவர்களுக்கு அவருடைய குரல் நினைவிருக்கும். எனக்கு அவர் எதிர்வீட்டுக்காரர். ஒரே பள்ளியில் நான் தமிழ் நடத்தினேன். என்னைவிடச் சில வயது மூத்தவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் “தமிழம்மா”தான். நான் இங்கே எழுதப்போவது உங்களில் பலருக்குத் தெரியாத எஸ்தர் மிஸ்ஸைப் பற்றி. அவரைப் பற்றி எழுதினால் சீசரைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கணவர் இறந்த பிறகு மிஸ் கொஞ்ச காலம் தனக்குள்ளேயே சுருங்கிக் கிடந்தார். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். காலிங் பெல் அடித்தாலும் வரமாட்டார். பால்காரர் பாக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நாட்களில்தான் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து அவருடைய ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே ஒரு பழுப்புக் குட்டி ஓடி வந்து சேர்ந்தது. சாதாரண தெருநாய். அதற்குச் சீசர் என்று ஒரு ராஜாவின் பெயரை வைத்தார் மிஸ். எனக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே குலைநடுக்கம். “மிஸ், அதைக் கட்டிப் போடுங்க, அப்பத்தான் நான் வருவேன்” என்றேன். “அப்படீன்னா நீ வராதே” என்றார் சிரித்துக்கொண்டே. மறுநாளே போனேன், வேறென்ன செய்வது.

அவன் காது அப்படியொரு காது. விமானப்படைத் தளத்திலிருந்து காலையில் பயிற்சி விமானங்கள் கிளம்புமே, நம் காதில் இரைச்சல் விழுவதற்கு முன்பே வானத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுவான். வாசலில் யாராவது நின்றால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மிஸ்ஸின் முந்தானையைப் பல்லால் பிடித்து இழுப்பான். சிலிண்டர் போடுகிறவர் தெருமுனையில் திரும்பும்போதே வாலை ஆட்டிக்கொண்டு கேட்டருகில் நிற்பான். ஒருநாள் பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து, “கேஸ் அடுப்பு செக் பண்ணணும்மா” என்றார்கள். கழுத்தில் அட்டையெல்லாம் தொங்கியது. மிஸ் கேட்டைத் திறக்கக் கையை வைத்துவிட்டார். சீசர் நடுவில் புகுந்து, அதுவரை நான் கேட்டிராத குரலில் உறுமினான். “கொஞ்சம் இருங்க, ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிறேன்” என்று மிஸ் உள்ளே திரும்பினார். போனை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஆட்களைக் காணோம். அன்று சாயங்காலம் மிஸ் சொன்னார்: “குலைக்கிறதுக்கு நாய் வேணாம், தமிழம்மா. நமக்குத் தெரியாததைத் தெரிஞ்சுக்கத்தான் நாய் வேணும்.”

சில வருஷங்கள் கழித்து, பக்கத்துத் தெருவில் தனியாக நடந்துபோன ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். டேனியல் பெங்களூரிலிருந்து வந்து நின்றான். “வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடுங்கம்மா. இல்லேன்னா இங்கயே செக்யூரிட்டி இருக்கிற ஃப்ளாட்டா பாக்கிறேன்.” கணவரும் அவரும் சேர்ந்து கட்டிய வீடு. அதை விட்டுப் போவதென்றால் மிஸ்ஸுக்கு உயிரே போய்விடும் என்று எனக்குத் தெரியும். “சீசர் இருக்கான்டா. அவனைத் தாண்டி எவன் வருவான்?” என்று வாதாடினார். கடைசியில் டேனியல் இறங்கி வந்தான். “சரி, அவன் நல்லா இருக்கிற வரைக்கும் இருங்க. அப்புறம் நான் சொல்றதைக் கேக்கணும்.” மிஸ் ஒத்துக்கொண்டார். நாய்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் வயதாகும் என்பதை அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

தீபாவளி என்றால் சீசர் பாத்ரூமை விட்டு வெளியே வரமாட்டான். ஒரு தீபாவளிக்கு, தெருவே அதிரும்படி சரவெடி வெடித்தபோது, கேட்டருகில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எங்களுக்கெல்லாம் ஒரே ஆச்சரியம். “சீசர் பெரிய ஆளாயிட்டான் பாருங்க” என்று ஆளாளுக்குப் பாராட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட, நான் அதற்கு ‘அஞ்சா நெஞ்சன்’ என்று பட்டமே கொடுத்தேன். மிஸ் மட்டும் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை விமானம் போனபோதும் அவன் எழுந்திருக்கவில்லை. மிஸ் சாலையைக் கடந்து என் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றார். “அவனுக்குத் தைரியம் எல்லாம் வரல, தமிழம்மா. காது போயிடுச்சு. டேனிக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது.” அவர் கண்ணில் நீர் வந்து நான் பார்த்தது, கணவர் போன பிறகு அன்றுதான்.

ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ஆளா அவர்? அந்த வாரமே சீசரின் படுக்கையை இடம் மாற்றினார். அவருடைய வாசலில் சாக்கடைக்கு மேல் ஒரு சிமெண்ட் ஸ்லாப் உண்டு. காலை வைத்தாலே லொடக்கென்று ஆடும். அதன் ஒரு முனை கேட்டுக்கு உள்ளே நீண்டிருக்கும். அந்த முனையில் தன் பழைய நூல்புடவையை மடித்துப் போட்டு அவனைப் படுக்க வைத்தார். வெளியே யாராவது மிதித்தால் அவன் வயிற்றில் அதிரும், எழுந்து குரைப்பான். இஸ்திரிக்காரர், கீரைக்காரம்மா, நான் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஸ்லாபைக் காலால் தட்டிவிட்டு நிற்கப் பழகினோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனாலும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கீரைக்காரம்மா ஒருநாள் கூடையை இறக்கிவைத்து, “இன்னா டீச்சர், இவனுக்குக் காது அவுட்டா? நான் யார்கிட்டயும் சொல்லலை, கவலைப்படாதே” என்றார். அவர் சொன்னது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

“மூக்கு இருக்கிற வரைக்கும் அவன் ரிட்டயர் ஆகலை” என்பார் மிஸ். எனக்கு முதலில் அதில் நம்பிக்கையில்லை. அந்த மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர். மிஸ் வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது செருப்பை எடுக்கக் கையை நீட்டினேன். சீசர் என் புடவையைப் பிடித்து இழுத்தான். நான் “ஐயோ மிஸ், கடிக்கிறான்” என்று அலறினேன். அவன் என்னை விட்டுவிட்டுச் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தபடி விறைத்து நின்றான். மிஸ் ஒரு கம்பால் மெல்ல நகர்த்திப் பார்த்தார். என் செருப்புக்குப் பின்னால் சுருண்டிருந்தது பாம்பு. ஆள் வந்து பிடித்துப் போன பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயின் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவன் பொறுத்துக்கொண்டான்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் மிஸ் வீட்டில் அச்சு முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். மிஸ் கையைக் காட்டி, “கொஞ்சம் பேசாம இரு. யாரோ நிக்கிறாங்க” என்று எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வெளியே டேனியல். மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தவன், ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறான். ஸ்லாபை மிதிக்காமல் தள்ளி நின்று, “சீசர்!” என்றான். நாய் அசையவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டான். மிஸ் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று கிளம்பியது. தூங்கிக்கொண்டிருந்த சீசரின் மூக்கு மட்டும் முதலில் அசைந்தது. பிறகு கண் திறந்தது. துள்ளி எழுந்து கேட்டில் முன்னங்காலை வைத்து வாலை ஆட்டினான்.

மிஸ் கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாக வெளியே போனார். “என்னடா கத்தறே? நீதான்னு வாசனையிலயே தெரிஞ்சுகிட்டான். வீட்டு ஆளைப் பாத்து எந்த நாய்டா குலைக்கும்?” டேனியல் சிரித்தான். அதன்பிறகு ஃப்ளாட் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. அவன் ஊருக்குப் போனதும் நாங்கள் இருவரும் வென்றுவிட்ட மிதப்பில் மிச்சமிருந்த முறுக்கைக் காலி பண்ணினோம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு டேனியல் என் வீட்டுக்கு வந்தான். சீசர் அவன் கையை மோந்து பார்த்துவிட்டுக் காலடியில் படுத்தான். சீசரின் தலையைத் தடவியபடியே டேனியல் சொன்னான்: “இவனுக்குக் காது கேக்காதுன்னு போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்பவே எனக்குத் தெரியும் ஆன்ட்டி.”

“அப்புறம் ஏன்டா விட்டுட்டே?”

“நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே ஜன்னல் ஸ்க்ரீன் நகந்துச்சு. அம்மா நின்னாங்க. அப்பா போனப்புறம் பெல் அடிச்சாக்கூட எழுந்து வராத அம்மா. இவனுக்குக் கேக்கலைன்னதும் இவனுக்காக அவங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்படிப்பட்டவங்கள நான் எந்த ஃப்ளாட்ல கொண்டுபோய் வைக்கிறது?”

அம்மாவிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். “சொன்னா அவங்க ஜெயிச்சது போயிடுமே” என்றான். சீசர் இந்தத் தெருவை விட்டால் தவித்துப்போவான் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. அதனால் என்னிடமே விட்டுவிட்டுப் போனான். மிஸ்ஸின் நூல்புடவையை அவனுக்கு என் வாசலில் விரித்திருக்கிறேன். அதை நான் துவைக்கவில்லை. அவனுக்கு மிஸ் இன்னும் அதில் இருக்கிறார்.

குக்கர் கத்தினாலும் எழுந்து போகாதவள் என்று என் வீட்டில் எனக்கு நல்ல பெயர். இப்போது பால்காரரின் சைக்கிளும் கீரைக்காரம்மாவின் செருப்பும் தெருமுனையிலேயே எனக்குக் கேட்டுவிடுகின்றன. எஸ்தர் மிஸ்ஸிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கவனம்தான். நேற்று மாலை எதிரே பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் ஸ்லாப் லொடக்கென்றது. சீசருக்கு முன்னால் நான் எழுந்து போய்ப் பார்த்தேன். யாருமில்லை, ஏதோ ஒரு மாடு மிதித்துவிட்டுப் போயிருந்தது. திரும்பி வந்தபோது சீசர் முழித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “ஒண்ணுமில்லடா. நான் பாத்துக்கிறேன், நீ தூங்கு.”