எலி தின்ற ஊர்

ஓவிய ஆசிரியை டெலோரஸ் பாவ்லிக்கை நான் முதலில் பார்த்தபோது, வகுப்பறைத் தரையில் மண்டியிட்டு எலிப்புழுக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கனடாவின் சஸ்காட்சுவானில் எங்கள் கோதுமைப் பண்ணைக் குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பயிற்சி ஆசிரியராக அன்றுதான் அந்தப் பள்ளிக்கு வந்திருந்தேன்.

மேசைமேல் எங்கள் ஊர் கிடந்தது. செய்தித்தாளும் மாவுப்பசையும் வைத்து ஆறாம் வகுப்பு ஆறு வாரம் செய்த மாதிரி ஊர். அளவுகளுக்குக் கணக்கு, ஆற்றுக்கு அறிவியல், ரயில் பாதைக்கு வரலாறு. சனி ஞாயிறில் எலி பாதி ஊரைத் தின்றிருந்தது. அறுவடை முடிந்தால் வயல் எலி கட்டடத்துக்குள் வரும். மாவு பட்டதைத் தகர அலமாரியில் பூட்டாமல் இங்கே யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பசை காயட்டும் என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்த டெலோரஸ், அப்படியே மறந்து விட்டுப் போயிருந்தார்.

ஒன்பதரைக்குக் கல்விக் குழுவிலிருந்து வெர்ன் ஷெலன்பர்க் வருகிறார். ஓவிய வகுப்பை எடுத்துவிட்டுக் கணக்கைக் கூட்டலாமா என்று பார்க்க. எடுத்தால் டெலோரஸுக்கு வேலை இல்லை.

"துணி போட்டு மூடிடலாமா?" என்றேன்.

"அவரும் பண்ணைக்காரர்தாம்பா. வாசனையிலேயே பிடிச்சிடுவார்."

மணி அடித்தது. பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்தார்கள்.

"மிஸ், எங்க வீட்டையே தின்னுடுச்சு! சர்ச்சைத் தொடவே இல்ல!" என்று கத்தினாள் கெண்ட்ரா.

"பக்தியுள்ள எலி போல" என்றான் ஒருவன்.

டெலோரஸ் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "ஏன் தொடலை? கண்டுபிடிங்க. எவ்வளவு தின்னுச்சு? கட்டத்தாள் எடுங்க. இருபது நிமிஷம்தான்!"

நான் கட்டத்தாளை எல்லோருக்கும் கொடுத்தேன்.

வெர்ன் தொப்பியைக் கையில் வைத்தபடி உள்ளே வந்தார். "என்னம்மா, பாதி ஊரைக் காணோம்?"

"எலி தின்னுடுச்சு சார். அலமாரியில வைக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? நீயும் இந்த ஊர்க்காரிதானே?"

கெண்ட்ரா தாளை நீட்டினாள். "நாப்பத்திமூணு சதவீதம் போச்சு சார். கட்டம் எண்ணிப் பாத்தோம். பெயின்ட் ரெண்டு தடவை அடிச்ச இடத்துல மட்டும் வாய் வைக்கல."

"என் தானியக் களஞ்சியம்?" என்று கேட்டார் வெர்ன்.

"முழுசா போச்சு சார். ஒரு தடவைதான் அடிச்சிருந்தோம்."

அவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, குனிந்து, விரலால் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "சரியாத்தான் இருக்கு" என்றார். போய்விட்டார்.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஓவிய வகுப்பு ஓராண்டுக்குத் தொடரலாம்.

இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. டெலோரஸ் அதே அறையில்தான் பாடம் எடுக்கிறார். அனுமதி இன்னமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது.