எட்டாவது படம்

எங்கள் சித்தப்பாவுக்குப் பெட்டிக் கேமரா ஒன்று கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை. கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடிக் கண், பின்னால் ஒரு சிவப்புச் சன்னல். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். எத்தனையாவது படம் என்பது சிவப்புச் சன்னலில் எண்ணாகத் தெரியும். ஒரு படம் எடுத்ததும் பக்கத்திலுள்ள சாவியைத் திருப்பினால்தான் சுருள் நகர்ந்து அடுத்த எண் வரும்.

சுருள் வாங்கியது அக்காவுக்காக. கிள்ளானில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படம் கேட்டிருந்தார்கள். அதற்கு ஒன்று போதும். மிச்சமிருந்த ஏழில் மின்னலைப் பிடித்துக் காட்டுவதென்று சித்தப்பா முடிவுசெய்தார். எங்கள் ஊரில் மின்னலுக்கா பஞ்சம்?

அன்று பொழுது சாய்ந்ததும் மழை கட்டியது. சன்னலோரம் முக்காலியில் பெட்டியை வைத்து, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். மின்னல் வெட்டியதும் சித்தப்பா விசையைத் தட்டுவார். அதற்குள் அது போயிருக்கும். இடி மட்டும் எங்கள் காதில் வந்து விழும். நான்கு படங்கள் இப்படியே இருட்டில் போயின.

அக்கா சொன்னாள்: "சித்தப்பா, மின்னல் வந்தப்புறம் தட்டினா எப்படி? முன்னாடியே தொறந்து வச்சுட்டுக் காத்திருங்களேன். இருட்டு படத்துல விழவா போகுது?"

சித்தப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். பெட்டியின் மேலே ஒரு சிறு தகடு உண்டு. அதை இழுத்துவிட்டால், மறுபடி விசையைத் தட்டும்வரை கண் மூடாது. அதை இழுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தண்டவாளங்களுக்கு மேலே வானம் கிளைகிளையாகப் பிளந்தது.

"மூடுங்க, மூடுங்க!" என்று குதித்தாள் அக்கா. வீட்டில் குரல் உயர்த்தியே பேசாதவள் அவள்.

இன்னும் இரண்டு அப்படியே பிடித்தார்கள். பிறகு சித்தப்பா தீக்குச்சி வெளிச்சத்தில் சாவியைத் திருப்பி, சிவப்புச் சன்னலில் எட்டு வந்ததும், "இது காலையில உனக்குலா" என்று சொல்லிவிட்டு, சாரலில் நனைந்த சட்டையை மாற்றப் போனார்.

அக்கா தகட்டை இழுத்தாள். மின்னல் ஒன்று வரும்வரை காத்திருந்து மூடினாள்.

"அக்கா! அது உன்னோட படம்!"

"சும்மா ஒரு தடவை. சித்தப்பாகிட்ட சொல்லாத."

"சாவியைத் திருப்பலையா?"

"திருப்பினா எட்டு போயிடும். கண்டுபிடிச்சிருவாரு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் காலை பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அக்காவை ரம்புத்தான் மரத்தின் இருண்ட நிழலில் நிறுத்தினார்கள். அம்மா அவள் முடியை ஒதுக்கி ஒதுக்கிவிட்டாள். சித்தப்பா விசையைத் தட்டினார்.

சீனர் கடையில் கழுவி வாங்கி வந்த உறையை எல்லோரும் சூழ்ந்துகொண்டு பிரித்தோம். மூன்று படங்களில் மின்னல் அற்புதமாக விழுந்திருந்தது. எட்டாவதில் அக்கா நின்றாள். மரத்தின் இருட்டிலிருந்து ஒரு மின்னல் இறங்கி, நேராக அவள் உச்சந்தலையில் பாய்ந்திருந்தது.

"இடி விழுந்த பொண்ணு! இதையா அனுப்புறது?" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்ப மறந்தது தாம்தான் என்று நம்பிய சித்தப்பா, அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூசினார். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு சுருள் வாங்குவதற்குள் கிள்ளான்காரர்கள் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று அக்கா சாப்பிடாமல் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முகம் தலையணையில் புதைந்திருந்தது. தோள்கள் குலுங்கின. நான் சொல்லாமல் விட்டதால்தானே இதெல்லாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாதக்கா. இதைவிட நல்ல மாப்பிள்ளையா வருவாங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். கண்ணைத் துடைத்துவிடலாமென்று முகத்துக்குக் கீழே கையை நுழைத்தேன். தலையணை கொஞ்சங்கூட நனைந்திருக்கவில்லை. பாவம், கண்ணீர்கூட வற்றிப்போய்விட்டது என்று நினைத்து, நான்தான் அழ ஆரம்பித்தேன்.