சம்பந்தியிடம் கேட்ட டப்பா

எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கழிவறைக்கும் லேபுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து சிறுநீர் டப்பாவை வைத்துவிட்டுப் போனால், இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கூச்சப்படுகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. இந்தப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்குச் சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. எங்களுக்கு அவர் ஜன்னல் அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் எட்டு மாசம் கடலில் இருப்பார். ஒரே மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது. அக்காவின் குரல் கணீரென்று இருக்கும். டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கால்மணி நேரம் கழித்து வெறும் டப்பாவோடு தலைகுனிந்து வெளியே வருகிற ஆண்கள் எத்தனையோ பேரை அந்தக் குரல் தேற்றியிருக்கிறது.

"வரலன்னா விடுங்கண்ணே. அது என்ன ரயிலா, நேரத்துக்கு வர்றதுக்கு? தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க. உள்ள போனதும் குழாயத் திறந்து விடுங்க, அந்தச் சத்தத்துக்கே வந்துரும்."

பெரும்பாலும் வந்துவிடும்.

போன வருஷம் எங்கள் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். சிறுநீர்ப்பையில் ஒருமுறை புற்றுக்கட்டி வந்தவர்கள், அது திரும்ப வருகிறதா என்று பார்க்க மூன்று மாசத்துக்கொருமுறை வர வேண்டும். கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் குழாயை நினைத்தே பாதிப் பேர் வராமல் இருந்துவிடுவார்கள். பையின் உள்சுவரில் கட்டி கிளம்பும்போது சில புரதங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீரில் கலக்கின்றன. அவற்றை அளந்து பார்த்தே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா, அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் ஆராய்ச்சி.

நோயாளிகள் நிறையக் கிடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் நோயில்லாதவர்களும் வேண்டும். அங்கேதான் வண்டி நின்றுபோனது. ஐம்பதைத் தாண்டிய, ஆரோக்கியமான பெண்கள் முப்பது பேர் தேவை. மூன்று மாசத்தில் கிடைத்தது பதினொரு பேர்.

"நல்லா இருக்கறவங்க எதுக்கு டாக்டர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரப்போறாங்க? நாமதான் தேடிப் போகணும். எங்கிட்ட விடுங்க" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அக்கா போன இடமெல்லாம் அதே பேச்சு. மாடி வீட்டு டீச்சர், துணி தைக்கிற அம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. "ரத்தம் கேட்டாக்கூட ஒரு கௌரவமா இருக்கும், இதப் போய்க் கேக்குறியேம்மா" என்று காய்கறிக் கடைக்காரம்மா அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே வந்து கொடுத்துவிட்டும் போனார். இருபத்திரண்டு பேர் வரை சேர்ந்தது. அதற்குமேல் நகரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அங்கே மகளின் மாமியாரும் இருந்தார். முப்பது வருஷமாகச் சொந்தமாக பியூட்டி பார்லர் நடத்துகிறவர். கலையாத தலை, சுருக்கம் விழாத உடை, அளந்து அளந்து பேச்சு. இரண்டு சம்பந்திகளுக்கும் இடையில் சண்டை என்று எதுவும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. கல்யாணத்தன்று பார்லர்காரம்மா தன் உறவினர்களிடம், "பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரில ஆபீசர்" என்று அறிமுகப்படுத்த, அக்கா பளிச்சென்று, "ஆபீசர்லாம் இல்லீங்க, மூத்திர டப்பா வாங்கி வைக்கிற வேலை" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து "சௌக்கியமா?", "சௌக்கியம்" என்பதோடு சரி.

அன்றும் மரியாதைக்குத்தான் அவர் கேட்டார். "வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். கொட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திச் சம்பந்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசு சம்பந்தி?"

"ஐம்பத்தெட்டு."

"மூத்திரத்துல எரிச்சல், ரத்தம், கல்லு, ஏதாவது?"

மேஜைக்கடியில் மகள் அக்காவின் காலை மிதித்தாள். பார்லர்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"அப்படின்னா நான் தேடிட்டிருக்கற ஆளே நீங்கதான்! ஒரே ஒரு டப்பா, சம்பந்தி."

"வீட்டுக்கு வர்றவங்க காபி கேப்பாங்க. நீங்க என்ன கேக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடியவர், சிரித்து முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பார்லர்காரம்மா குடையும் கைப்பையுமாக லேப் வாசலில் வந்து நின்றார். அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"மருமக சொன்னா, நீங்க பஸ்ஸுல போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் கெஞ்சிட்டு இருக்கீங்களாமே. என் சம்பந்தி ஊர்ல கெஞ்சுறது எனக்கு நல்லா இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

சம்மதப் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தார். பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் உங்களிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தார். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று அக்கா ஆரம்பித்ததும், "தெரியும், படிச்சேன்" என்று உள்ளே போனார். டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு, விடைபெறாமலே போய்விட்டார். அக்காவுக்கு அன்றைக்கு முழுக்க வாயெல்லாம் பல்.

அந்த டப்பாக்களைப் பரிசோதிக்கிற டெக்னீஷியன் நான். என் கைக்கு வரும்போது பெயர் இருக்காது, எண் மட்டும்தான். சிறுநீரைச் சுழலவிட்டு, அடியில் படிவதை விட்டுவிட்டு, மேலே தெளிந்திருப்பதை மட்டும் எடுப்போம். தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு மருந்து சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். புரதம் கூடக் கூட மஞ்சள் அடர்த்தியாகும். அன்று ஆரோக்கியமானவர்களின் வரிசை முழுக்க வெளிறிய மஞ்சளாக இருந்தது. ஒரே ஒரு குழி மட்டும் சாமந்திப்பூ மாதிரி இருந்தது. என் கை பிசகிவிட்டதோ என்று மறுநாள் திரும்பச் செய்தேன். அதே சாமந்தி.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். "கிருமி இருந்தாலும் ஏறும், கல்லு இருந்தாலும் ஏறும். ஒரு தட்டைப் பார்த்து யாரையும் பயமுறுத்திடக் கூடாது" என்றார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுக்குரிய பெயரைத் தேடி எடுத்து, அவரே தொலைபேசியில் பேசினார். பெயரை எங்களிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பார்லர்காரம்மா மறுபடியும் ஜன்னலருகே வந்து நின்றபோதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

"இன்னொரு டப்பா குடுங்க சம்பந்தி" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அக்காதான் பதறிப்போய் ஒன்றுக்கு இரண்டாக டப்பாவை எடுத்து நீட்டினார்.

கிருமி இல்லை. கல்லும் இல்லை. புரதம் இறங்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்த அணுக்களும் இருந்தன. உள்ளே பார்த்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

"என் புள்ளைகிட்ட முடிவு தெரிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். இதுக்கு நீங்கதான் கூட வரணும்" என்று பார்லர்காரம்மா அக்காவிடம் சொல்லிவிட்டார்.

குழாய் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என் வாயாலதான் வந்தது சம்பந்தி. நான் பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு வந்திருக்கலாம். நிம்மதியா இருந்த உங்கள இழுத்துட்டு வந்து..."

"நீங்க கேக்காம இருந்திருந்தா உள்ள இருக்கறது எழுந்து போயிருக்குமா? மூக்கத் துடைங்க. பாக்கறவங்க உங்களத்தான் நோயாளின்னு நினைக்கப் போறாங்க."

உள்ளே மரத்துப்போகிற மருந்து தடவிக் குழாயை விட்டார்கள். பார்லர்காரம்மா முதலில் பல்லைக் கடித்தார், பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்புச் சுவரில் ஒரு மூலையில் குட்டிப் பூக்கோசு மாதிரி ஒன்று தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"இதுவா?"

"இதுதான். பட்டாணி அளவுகூட இல்ல. ரத்தமா போக ஆரம்பிச்சப்புறம்தான் நிறையப் பேர் வருவாங்க. நீங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டீங்க" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளையிடம் சொல்கிற பொறுப்பு அக்கா தலையில் விழுந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் தாம்தூமென்று குதித்தார். பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுத்து, கத்தி படாமல், அதே வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் வீடு. பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. புற்றுதான், ஆனால் மேல்மட்டத்தோடு நின்றிருக்கிறது, தசைக்குள் இறங்கவில்லை.

அக்கா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு லேபில் இருந்த எங்கள் எல்லோரையும் ஒருவர் விடாமல் கட்டிப்பிடித்தார், தரை துடைக்க வந்தவர் உட்பட.

முப்பது வருஷமாகத் தலைச்சாயம் கலக்கிய கையால் வந்ததோ என்று பார்லர்காரம்மா டாக்டரிடம் கேட்டார். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இருந்தாலும் இனிமே கையுறை போடாம சாயத்தத் தொடாதீங்க" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே பார்லரில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கும் பெட்டி பெட்டியாகக் கையுறை வந்து இறங்கியது.

அடுத்து நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்கு இன்னும் எட்டுப் பெண்கள் வேண்டும் என்று அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் பத்தொன்பது பேர் வரிசையில் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் தலைமுடி பளபளவென்று இருந்தது.

"எப்படிங்க சம்மதிக்க வச்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"தலைக்குச் சாயம் பூசி உட்கார வச்சுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். அரைமணி நேரத்துக்கு எழுந்து ஓட முடியாதே" என்றார் பார்லர்காரம்மா.

"போதும் சம்பந்தி, ஃப்ரீசர்ல இடமில்ல!" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆராய்ச்சி முடிந்தது. பெரிய கட்டிகளைப் புரதம் நன்றாகவே காட்டிக்கொடுத்தது. சின்னவற்றில் சிலவற்றைத் தவறவிட்டது, சிலரை ஒன்றுமில்லாமலே கலவரப்படுத்தியது. குழாயை இப்போதைக்குக் கைவிட முடியாது, இன்னும் நிறையப் பேரிடம் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதினார். அதனால் பார்லர்காரம்மா மூன்று மாசத்துக்கொருமுறை குழாய்க்கும் வருகிறார், டப்பாவும் தருகிறார். இரண்டு சோதனை சுத்தமாக வந்தது.

போன வெள்ளிக்கிழமை மூன்றாவது சோதனை. அதுவும் சுத்தம். அக்கா மத்தியானத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினார். நாலு மணிக்கு அக்காவின் மகள் லேபுக்குப் போன் செய்து பதறினாள். இரண்டு அம்மாக்களையும் காணோமாம், போனையும் எடுக்கவில்லையாம். நான் தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் இருக்கிற ஐஸ்கிரீம் கடை வாசலில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பை காலியாகி, இரண்டாவது வந்துகொண்டிருந்தது. பார்லர்காரம்மா கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல, அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பத்திரமா இருக்காங்க. இப்போதைக்கு வர மாட்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.