மான் முத்திரை போட்ட பனியன்

எண்பதுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் ஒரு டீத்தூள் கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வயது. மாவட்ட லீக்கில் ஆட, கம்பெனிக்குப் பெண்கள் பூப்பந்து அணி ஒன்று இருந்தது. அதில் நானும் ஒருத்தி. எங்கள் பச்சைப் பனியனின் மார்பில் கம்பெனியின் முத்திரை இருக்கும்: குடைக்குக் கீழே நிற்கும் ஒரு மான்.

பனியனைக் கொடுத்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்.

"லீக் ஆட்டத்துக்கு மட்டும்தான் இதைப் போடணும். அந்த மான் ரிஜிஸ்தர் பண்ண மார்க்கு. எங்க பாத்தாலும் கம்பெனியே வந்து நிக்குதுனு ஜனங்க நெனச்சுக்கும்."

ஆட்டம் முடிந்ததும் பனியன்களை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் அவர், துவைத்து எடுத்து வரும்படி வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்.

அந்தக் காணும் பொங்கலுக்கு அடி அண்ணாமலையில் பெண்களுக்குப் பூப்பந்து ஆட்டம் வைத்தார்கள். என் அக்காவைக் கொடுத்திருந்த ஊர் அது. மாமா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். "கம்பெனி பனியனைப் போட்டுக்கினு வாம்மா, நாலு பேர் பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். எனக்கும் ஆசைதான். போட்டுக்கொண்டு போனேன். ஆட்டம் முடிந்ததும் மாமா போட்டோக்காரரைக் கூப்பிட்டு, மட்டையோடு என்னைக் கடை வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். சிரித்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த மாதம் அக்காவைப் பார்க்கப் போனபோது அந்தப் படம் சட்டம் போட்டுக் கடையில் தொங்கியது. அதற்குக் கீழே வரிசையாக டீத்தூள் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் குடையும் மானும் அச்சடித்திருந்தது. ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். எங்கள் மான் வலப்பக்கம் பார்க்கும். இது இடப்பக்கம் பார்த்தது. போலிச் சரக்கு என்று தெரிந்துவிட்டது.

"மாமா, இதையெல்லாம் எடுத்துடுங்க. என் வேலை போயிடும்."

"என் கடை, என் மச்சினிச்சி போட்டோ. இதுல கம்பெனிக்கு இன்னா?"

அக்கா உள்ளேயிருந்து தலையை மட்டும் ஆட்டினாள். சொல்லிப் பயனில்லை என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு ஆபீஸில் டெலிபோன் மணி அடித்தாலே என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். பாக்கெட்டுகளைக் கோணலாக ஒட்டித் திட்டு வாங்கினேன். என் வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன், மாமாவைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தால் அக்கா கதி என்ன என்று இதே நினைப்பு.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கெட்டுப்போன டீத்தூள்னு மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு யாரோ பாக்கெட்டோட எழுதிட்டாங்க. அடி அண்ணாமலையில வாங்கினதாம். அந்தக் கடையில நம்ம டீம் பொண்ணு போட்டோ வேற இருக்குதாம். நீதானே?"

தலையாட்டினேன். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"பனியனை வீட்டுக்குக் குடுத்தனுப்புனது நான். அது தெரிஞ்சா மொதல்ல என்னைத்தாம்மா வேலைய விட்டு அனுப்புவாங்க. எனக்கு மூணு பொண்ணுங்க."

அதுவரை அவரைக் கண்டு பயந்திருந்தேன். அன்றுதான் அவரே பயப்படுவதைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நேராக மாமா கடைக்குப் போய்ப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தார்கள். நாங்கள் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒருவர் படத்தைப் பார்ப்பதும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதுமாக நடந்து வந்தார். எனக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து முகங்களையும் அவர் பார்த்து முடிக்கும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"நான்தான் சார்."

"பனியன் வெளியே எப்படிப் போச்சு?"

மேனேஜர் கதவோரம் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஆபீசுக்குப் பின்னாடி காயப்போட்டிருந்துச்சு சார். யாரையும் கேக்காம எடுத்துக்கினு போயிட்டேன்."

அதையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுதும்போது என் பெயரையே தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன். பொட்டலம் யார் போட்டது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

மேனேஜர் அவர்களிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினாரோ, என் வேலை தப்பியது. அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாமாவிடம் இனி அந்த மார்க்கைத் தொடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி, பொட்டலங்களையெல்லாம் அவரையே கால்வாயில் கொட்டவைத்தார்களாம். ஊரே கூடி நின்று பார்த்ததாம்.

நான்தான் கம்பெனிக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று மாமா முடிவு செய்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு அக்கா மட்டும் பிள்ளைகளோடு வந்தாள்.

"நான் காட்டிக் குடுக்கலைனு அவருகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்டி. எத்தினி வாட்டி சொன்னாலும் அந்த மனுஷன் நம்ப மாட்டேங்கறாரு."